வீதியில் சிறு சக்கரத்திற்கும் இடம் வேண்டும்

யாங்கோன் வீதிகளின் வரலாற்றில் 1970 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆம் நாள் மறக்கவியலாத நாளாகும். அதுவரை பிரித்தானியர் வகுத்த முறைப்படி இடப்பக்கமாக ஓடிய வண்டிகள் யாவும் அன்று முதல் வலப்பக்கமாக ஓடலாயின. ஜெனரல் நே வின் அரசின் ஆணை அது. அதற்குச் சோதிடமே காரணம் என்பாரும், அரசியலே காரணம் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும், மாறியது வழியேயன்றி வண்டிகள் அல்ல. ஜப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய கார்கள் வலப்பக்க ஸ்டியரிங்குடனேயே வலப்பக்கம் ஓடின. இடப்பக்கம் வாசல் அமைந்த பேருந்துகளிலிருந்து பயணிகள் நடுவீதியில் இறங்கிய காலமும் இருந்தது. 2017 முதல் இறக்குமதி விதிகள் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகளை நோக்கித் திரும்பிய போதிலும், பழைய கார்கள் இன்றும் நம் வீதிகளில் மலிந்தே காணப்படுகின்றன.

இதனால் துவிச்சக்கரவண்டியில் செல்வோருக்கு நேரும் இடர் யாது? இரண்டைக் கூறலாம். முதலாவது, சாரதி வீதியோரப் பக்கத்தில் அமர்ந்திருப்பதால், முன்னே செல்லும் பேருந்தைத் தாண்டி எதிரே வருவதைக் காண இயலாது. காண வேண்டுமாயின் வண்டியை நடுவீதிக்குக் கொண்டுவர வேண்டும். எதிரே வரும் பெரிய பேருந்து அவருக்குத் தென்படும். மெலிந்த மிதிவண்டி தென்படாமற் போகலாம். இரண்டாவது, ஓரத்தில் நிறுத்திய காரில் சாரதி நடைபாதைப் பக்கம் இறங்குவார். அவர் அருகில் இருப்பவரோ வீதிப் பக்கக் கதவைத் திறப்பார். சாரதிக்குக் கண்ணாடியில் பின்னே பார்க்கும் பழக்கம் உண்டு. பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கோ மூதாட்டிக்கோ அப்பழக்கம் ஏது? திடீரெனத் திறக்கும் கதவு மிதிவண்டிக்காரருக்குச் சுவராகிவிடுகிறது.

இவ்விடர்களுக்கு இந்நகரம் கண்ட மருந்து தடை ஒன்றே. 2003 ஆம் ஆண்டளவில் மோட்டார் சைக்கிள்கள் நகரினின்றும் விலக்கப்பட்டன. முக்கிய வீதிகள் பலவற்றில் துவிச்சக்கரவண்டிகளும் தடுக்கப்பட்டன. ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் அமர்ந்து செல்லும் சைக்காவும் உள்வீதிகளுக்கு ஒதுங்கியது. நெரிசல் மிகுந்த நகரில் ஒழுங்கு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். ஆயினும் எளியவரை வீதியிலிருந்து அகற்றுவது ஒழுங்காகுமேயன்றிப் பாதுகாப்பு ஆகாது. பெருவீதியைக் குறுக்கே கடந்தாலன்றி ஓர் உள்வீதியிலிருந்து மற்றோர் உள்வீதிக்குச் செல்ல முடியாது. அவ்விடத்தில் அவரைக் காக்கும் விதி எது?

நான் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில், 1990களில் பெற்றோல் தடை நிலவிய காலத்தில், ஊரே துவிச்சக்கரவண்டியால் இயங்கியது. விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதிலேயே சென்றனர். எரிபொருள் விலை ஏறும் போதெல்லாம் உலகெங்கும் ஏழைக்குத் துணை அவ்வண்டிதான். இந்நாட்டிலேயே 2019 ஆம் ஆண்டு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கைவிடப்பட்ட பகிர்வு மிதிவண்டிகளை வாங்கி, நெடுந்தூரம் நடந்து பள்ளி செல்லும் கிராமப்புற மாணவர்க்கு அளிக்கும் பணியை லெஸ்வாக் என்னும் அமைப்பு மேற்கொண்டது. ஒரு பிள்ளையின் கல்வியையே தாங்கக்கூடிய வாகனத்தைத் தொல்லையென்று கருதுவது தகுமா?

பிற நாடுகள் வேறு வழி கண்டுள்ளன. மிதிவண்டியை முந்தும் கார், பிரான்சில் நகருக்குள் 1 மீட்டரும் நகருக்கு வெளியே 1.5 மீட்டரும் விலகிச் செல்ல வேண்டும். ஜெர்மனியில் 2020 முதல் அவ்விடைவெளி நகருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். பிரித்தானியாவில் 2022 இல் திருத்தப்பட்ட வீதிவிதி நூல், பெருந்தீங்கு விளைவிக்கவல்ல வண்டியைச் செலுத்துபவருக்கே பெரும்பொறுப்பு என்று வகுத்தது. கதவுக்குத் தொலைவில் உள்ள கையால் கதவைத் திறக்க வேண்டுமென்றும் அந்நூல் அறிவுறுத்துகிறது. அவ்வாறு திறக்கும்போது உடல் தானே திரும்பும். கண் பின்னே பார்க்கும்.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் அகப்பட்டது பசுக்கன்று. கன்றுதான் தேரின் குறுக்கே பாய்ந்தது. அமைச்சர் சமாதானம் கூறியும் மனுநீதிச் சோழன் ஏற்கவில்லை. தேரின் வலிமைக்கு ஏற்ற பொறுப்பைத் தேரில் இருந்தவன்மீதே சுமத்தினான். அவன் விதித்த தண்டனை நமக்கு வேண்டியதில்லை. அவன் பொறுப்பை அளந்த முறை வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரே வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். சாரதி தடையை மிதிக்க எண்ணுவதற்குள் அத்தொலைவு போய்விடுகிறது.

மிதிவண்டிக்காரர்க்குக் கடமை இல்லையா எனின், உண்டு. எதிர்த்திசையில் ஓட்டுதலும், விளக்கின்றி இரவில் செல்லுதலும், கை காட்டாமல் திரும்புதலும் தவறே. ஆயின் அவர் தவறினால் பெரும்பாலும் அவரே வீழ்கிறார். கார் தவறினால் வீழ்பவர் பிறர். இவ்வேறுபாட்டைச் சட்டமும் மனச்சாட்சியும் மறத்தல் ஆகாது.

சட்டம் இயற்றுதல் நம் கையில் இல்லை. பழக்கம் நம் கையில் உள்ளது. பெற்றோர்களே, பள்ளி வாயிலில் பிள்ளைகளை இறக்கும்போது நடைபாதைப் பக்கக் கதவையே திறக்கச் செய்யுங்கள். மிதிவண்டியையோ சைக்காவையோ முந்தும்போது ஒருவர் கைகளை விரித்த அளவேனும் இடம் விடுங்கள். இடம் இல்லையெனில் பின்னே பொறுத்திருங்கள். மாணவச் செல்வங்களே, வலப்பக்கம் நேராகச் செல்லுங்கள். திரும்புமுன் பின்னே பார்த்துக் கை காட்டுங்கள். நம் பள்ளியிலும் மாதம் ஒரு பாடவேளையை வீதி ஒழுங்கிற்கு ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறேன். தமிழ் கற்க வரும் பிள்ளை நலமே வீடு திரும்புவதும் நம் பொறுப்பே.