பாலைப் பார்த்தவளும் மிஷினைப் பார்த்தவனும்

அடுப்பில் பால் இருக்கிறது. "பாலைப் பார்த்துக்கோடி" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தாய் கொல்லைப்புறம் போகிறாள். திரும்பி வந்தால், பால் பொங்கி அடுப்பே அணைந்து கிடக்கிறது.

"நீதானேம்மா பார்க்கச் சொன்னே? பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்!" என்கிறாள் மகள்.

வீட்டுக்கு வீடு நடக்கும் வேடிக்கை இது. போனது அரை லிட்டர் பால்.

இதுவே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நடந்தால்? அங்கே இரும்பை உருக்கும் உலைகள் இருக்கின்றன. கம்பி உருட்டும் ஆலைகள் இருக்கின்றன. ஷிப்டு மாறும் நேரம். வீட்டுக்குப் புறப்படும் மூத்த தொழிலாளி, புதிதாகச் சேர்ந்த பையனிடம், "இதைக் கொஞ்சம் வாட்ச் பண்ணிக்க தம்பி" என்கிறார். பையன் தலையாட்டுகிறான். சூடு காட்டும் முள் ஏறுகிறது. பையன் பார்க்கிறான். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது. அதையும் பார்க்கிறான்!

பையன் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை என்ன?

ஆங்கிலத்தில், தானாகக் கண்ணில் படுவது 'சீ'. வேண்டுமென்று கண்ணைத் திருப்புவது 'லுக்'. ஒன்று மாறுகிறதா, நகர்கிறதா என்று கண்ணை எடுக்காமல் இருப்பது 'வாட்ச்'. விழிப்பைக் குறிக்கும் 'வேக்' என்ற சொல்லும் இந்த வாட்ச்சும் ஒரே வேரில் பிறந்தவை. ஆதியில் வாட்ச் என்றால் இரவில் கண்விழித்துக் காவல் இருப்பதுதான். ஆகவே, தூங்கும் வாட்ச்மேன் முதலாளிக்கு மட்டுமல்ல, அகராதிக்கும் விரோதி!

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா? மனமும் சேர்ந்து பார்த்தால் கவனிப்பது. (அலுவலகத்தில் "கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்றால் அது வேறு விவகாரம்.) திருடன் வராமல் பார்த்தால் காவல். ஒளிந்து பார்த்தால் வேவு. பிறர் வேலையைப் பார்த்தால் மேற்பார்வை. 'பார்' என்பதோடு 'கொள்' சேர்ந்து 'பார்த்துக்கொள்' ஆகிவிட்டால், பொறுப்பு முழுவதும் கேட்பவர் தலையில் ஏறிவிடும். பால் பொங்கிய வீட்டில் தாய் சொன்னது அந்தக் 'கொள்'. மகள் காதில் விழுந்தது வெறும் 'பார்'.

இத்தனை சொற்களையும் ஆலைக்குள் ஒரே 'வாட்ச்' விழுங்கிவிட்டது. மிஷினையும் வாட்ச், வாசலையும் வாட்ச், தொழிலாளியையும் வாட்ச்! "உன்னை வாட்ச் பண்றாங்க" என்று யாராவது சொன்னால் ஆள் நடுங்கிப் போகிறான்.

இந்த நடுக்கம் தமிழனுக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்து அழைத்துப் போய், வேலை வாங்கியவர் பெயர் கண்காணி. அது மக்கள் வாயில் 'கங்காணி' ஆயிற்று. ஆங்கிலேயரும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மலாயாவுக்கு ஆள் சேர்த்து அனுப்புவதை 1938-இல் அன்றைய இந்திய அரசாங்கம் தடை செய்தது. ஆனால் சொல் போகவில்லை. இன்று சுவரில் தொங்கும் காமிராவுக்கும் 'கண்காணிப்பு' என்றே பெயர். ஆளைக் கண்காணிக்க இத்தனை கண் இருக்கிறதே, ஆளுக்கு ஆபத்து வராமல் கவனிக்க ஒரு கண் வேண்டாமா?

சிப்காட்டில் ஒடிசா, பீகார் இளைஞர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு 'பார்' என்பதும் புரியாது. 'பார்த்துக்கொள்' என்பதும் புரியாது. ஆலையில் மாட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அது பலகைக்குச் சரி. ஷிப்டு மாறும்போது வாயால் சொல்லும் வார்த்தையை யார் எழுதி மாட்டுவது?

"முள் சிவப்பைத் தொட்டால் இந்த சுவிட்சை அணை. உடனே ஃபோர்மேனைக் கூப்பிடு." சுவிட்சைத் தொட்டுக் காட்டி இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் கம்பெனி பஸ் கிளம்பிவிடாது.