அம்மா டிரைவர்... அப்பா பில்லியன்!

‘ரோடு ட்ரிப்’னு சொன்னதும் நம்ம ஹாஸ்டல்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். நாலு பைக், எட்டு பேர், ‘பாண்டி போலாம் மச்சி’. திண்டிவனம் தாண்டறதுக்குள்ள ஒருத்தனுக்கு பெட்ரோல் காலி, ஒருத்தனுக்கு வீட்டுல இருந்து போன். நான் இந்த வாரம் சொல்லப்போறது வேற மாதிரி ட்ரிப். ஒரே ஜோடி, ஒரு ஸ்கூட்டி, ஸ்பீடு நாற்பதைத் தாண்டவே இல்ல. ஜோடி வேற யாரும் இல்ல... எங்க அப்பா, அம்மா!

அப்பா 24 வருஷம் லாரி ஓட்டினவர். நாக்பூர், இந்தூர், சூரத்... மேப்ல நான் தேடிக் கண்டுபிடிக்கிற ஊர்லயெல்லாம் அவருக்கு ஒரு டீக்கடை தெரியும். அம்மாவுக்குத் தெரிஞ்ச தூரதேசம் திருப்பதி. 2003-ல கல்யாணம் ஆனப்போ ஊட்டிக்குப் போறதா பிளான். மூணாம் நாளே நாக்பூருக்கு லோடு வந்துடுச்சு. ஊட்டி அப்படியே நின்னது நின்னதுதான்.

இதுக்கு அம்மா சொல்ற காரணம் சூப்பர். எங்க ஊர் திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். அவர் கல்யாணத்துல ஒரு கிழவர் ஓலையோட வந்து நின்னு, ‘நீ எனக்கு அடிமை’ன்னு சொல்லி, கல்யாணத்தையே நிறுத்திட்டார். வந்தது சிவபெருமான்னு பெரியபுராணம் சொல்லும். “அவருக்கு ஓலை வந்துச்சு, உங்கப்பாவுக்கு லோடு வந்துச்சு. எல்லாம் ஊர் ராசி!”னு அம்மா சிரிப்பாங்க.

போன வருஷம் அப்பாவுக்குக் கண்ணுல பிரஷர்னு சொன்னாங்க. க்ளாக்கோமா. எதிர்ல இருக்கறது தெரியும், பக்கவாட்டுல இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிடும். போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்து இருக்கறதைக் காப்பாத்தும், அவ்வளவுதான். ரொம்ப நாள் ஒண்ணுமே தெரியாம இருந்துட்டு அப்புறம்தான் தெரியுமாம். (உங்க வீட்டுல நாற்பது தாண்டினவங்க இருந்தா ஒரு தடவை செக் பண்ணச் சொல்லுங்க, ப்ளீஸ்.) அப்பா லாரி சாவியை ஓனர்கிட்ட கொடுத்துட்டு வந்தவர், வீட்டு ஸ்கூட்டியையும் தொடல. வாசல்ல உட்கார்ந்து ஹைவே சத்தம் கேட்டுக்கிட்டு இருப்பார். அதான் எனக்குத் தாங்கல.

அதனால செமஸ்டர் லீவுல அம்மாவுக்கு வண்டி கத்துக்கொடுத்தேன். ரெண்டு தடவை வேலியில விழுந்தாங்க. மூணாவது வாரம் உளுந்தூர்பேட்டை சந்தைக்குத் தனியா போய் வந்தாங்க. அப்புறம் ஒரு நாள் அவங்களே கேட்டாங்க: “ஏங்க, சிறுவாச்சூர் போலாமா?” மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளி மட்டும்தான் திறந்திருக்கும். சாமி பேரைச் சொன்னா அப்பா மறுக்க மாட்டார்னு தெரியும், கேடி!

பொங்கல் முடிஞ்ச வெள்ளிக்கிழமை, விடிஞ்சும் விடியாம கிளம்பிட்டோம். முன்னாடி அம்மா, பின்னாடி ஹெல்மெட் போட்ட அப்பா. கொஞ்சம் தள்ளி எக்ஸ்ட்ரா லக்கேஜா இன்னொரு வண்டியில நானும், ஜியாலஜி படிக்கிற என் ஸ்கூல் தோழியும். போக மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல.

முதல் ஒரு மணி நேரம் அப்பா வாய் ஓயல. “லெஃப்ட்ல வா... பின்னாடி பஸ்ஸு... இண்டிகேட்டர் போடு.” வேப்பூர் தாண்டி அம்மா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாங்க. “ஓட்டறது நானா, நீங்களா?” அப்பா ஒண்ணும் சொல்லல. எங்களுக்குப் பக்குனு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, “நீதான்”னு சொல்லிட்டு ஏறி உட்கார்ந்தார். அதுக்கப்புறம்தான் அவர் வேடிக்கை பார்க்கவே ஆரம்பிச்சார்னு நினைக்கிறேன். பக்கத்துல இருக்கறதைப் பார்க்க அவர் தலையை முழுசா திருப்பணும். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே வந்தார்.

தொழுதூர்ல வெள்ளாறு தாண்டி, திருமாந்துறை டோல்கேட். டூ வீலருக்குக் காசு கிடையாது. ஆனாலும் அப்பா கை பழக்கத்துல சட்டைப் பாக்கெட்டுக்குப் போச்சு.

அடுத்து ரஞ்சன்குடி கோட்டை. ரோட்டுல இருந்தே தெரியும். கர்நாடக நவாப்புக்குக் கீழ இருந்த ஒரு ஜாகிர்தார் 17-ம் நூற்றாண்டுல கட்டினது. 1751-ல இந்தப் பக்கம் வாலிகண்டபுரத்துல பிரிட்டிஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் மோதியிருக்காங்க. அப்பா கோட்டைச் சுவரைத் தடவிப் பார்த்தார். “ஆயிரம் தடவை இப்படிப் போயிருப்பேன் பாப்பா. ஒரு தடவைகூட இறங்கினதில்ல. லோடு லேட்டாயிடும்.”

பெரம்பலூர் பக்கம் வந்தா ரெண்டு பக்கமும் கரிசல் காடு. கண்ணு போற வரைக்கும் மக்காச்சோளம், நடுவுல வெடிச்சு நிக்கற பருத்தி. அமெரிக்கப் படத்துல எல்லாம் ப்ரெய்ரினு புல்வெளி காட்டுவாங்களே, அதுல சோளத்தை நட்டா இதான். வித்தியாசம், அங்க ரோட்டுல கார் ஓடும், இங்க ரோட்டுல சோளம் காயும். சோளத்து மேல சறுக்கிடாம அம்மா காலைத் தேய்ச்சுக்கிட்டே ஓட்டினதைப் பார்க்கணுமே!

சிறுவாச்சூர்ல சாமி கும்பிட்டாச்சு. வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்போதான் தோழி, “இங்கிருந்து கிழக்கால கொஞ்ச தூரம், காரைனு ஒரு ஊரு, கடல் இருக்கு”ன்னா. பெரம்பலூர்ல கடலா? அம்மா உடனே வண்டியைத் திருப்பிட்டாங்க.

வழியில சாத்தனூர். வேலிக்குள்ள ஒரு மரம் படுத்திருக்கு, 18 மீட்டர் நீளம், முழுக்கக் கல்லு! சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால கடல் அடிச்சுட்டு வந்து மூடின மரமாம். 1940-ல எம்.எஸ்.கிருஷ்ணன்ங்கற ஜியாலஜிஸ்ட் கண்டுபிடிச்சார்.

அப்புறம் காரை. என்ன சொல்ல... பச்சை திடீர்னு முடிஞ்சு போச்சு. மஞ்சளும் பழுப்புமா களிமண் மேடு, மேடு, மேடு. மழைத்தண்ணி அறுத்து அறுத்து ஒவ்வொரு மேட்டுலயும் ஆயிரம் வாய்க்கால். நடுவுல கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னறது ஜிப்சம். நிழல்னு பேச்சுக்குக்கூட இல்ல, தண்ணி எடுத்துட்டுப் போங்க. அமெரிக்காவுல சவுத் டகோட்டாவுல இதே மாதிரி இடம் இருக்கு, ‘பேட்லாண்ட்ஸ்’னு நேஷனல் பார்க்கே வச்சிருக்காங்க. லக்கோட்டா பழங்குடிகள் அதுக்கு வச்ச பேருக்கும் ‘கெட்ட நிலம்’னுதான் அர்த்தமாம். அங்கயும் ஒரு காலத்துல கடல்தான்.

இந்தக் களிமண் கடலடியில படிஞ்சு சுமார் 10 கோடி வருஷம் ஆச்சு. 1840-கள்லயே வெள்ளைக்காரங்க இந்த வட்டாரத்துல சிப்பி பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருக்காங்க. 1862-ல பிளான்ஃபோர்டுங்கறவர் இந்தப் பாறைகளை அடுக்கு அடுக்காப் பிரிச்சுப் பேரே வச்சுட்டார். அரியலூர் சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுக்கறதும் அந்தப் பழைய கடல்தான். சிவில் படிக்கிற நான் இதைத் தெரிஞ்சுக்க மூணு வருஷம் ஆச்சு. வெட்கம்தான்!

அம்மா குனிஞ்சு எதையோ எடுத்தாங்க. உள்ளங்கையில சுருள் சுருளா ஒரு கல்லு. “சாளக்கிராமம் மாதிரி இருக்கே!” தோழி குதிச்சா. “ஆன்ட்டி, அம்மோனைட்! கண்டகி ஆத்து சாளக்கிராமமும் இதே இனம்தான்.” அம்மா பூஜை ரூமுக்குன்னு முந்தானையில முடியப் போனாங்க. தோழி தயங்கித் தயங்கிச் சொன்னா: எந்த அடுக்குல கிடக்குதுங்கறதுதான் இதோட அட்ரஸ், எடுத்துட்டா வெறும் கல்லு. வர்றவங்க எல்லாம் ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போனா அப்புறம் படிக்கிறவங்களுக்கு என்ன மிஞ்சும்?

அம்மாவுக்கு மனசே இல்ல. அப்பா கல்லை வாங்கி, கண்ணுக்கு நேரா பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எடுத்த இடத்துலயே வச்சார். “விடு. இன்னிக்கு எம்ட்டி வண்டி. போறப்பவும் லோடு இல்ல, வர்றப்பவும் லோடு இல்ல.”

திரும்பும்போது வேப்பூர்லயே பொழுது சாய்ஞ்சுடுச்சு. அப்பா கண்ணைச் சுருக்கி, “அது என்ன போர்டு?”ன்னார். அம்மா வாசிச்சாங்க. அடுத்த போர்டையும் அவங்களே வாசிச்சாங்க. ஆசனூர்... உளுந்தூர்பேட்டை... ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கத்திக் கத்தி, வீடு வர்ற வரைக்கும். அந்த ரோட்டுல எந்த போர்டு எங்க இருக்குன்னு அப்பாவுக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொண்ணுக்கும், “சரிம்மா”ன்னு சொல்லிக்கிட்டே வந்தார்.