ரத்தம் இளகினால் புற்று கரையுமா?

"ஆஸ்பிரின் கல்லீரல் புற்றைக் குறைக்கும் என்று ஸ்வீடன் ஆய்வே சொல்லிவிட்டது; சிகிச்சையோடு சேர்த்தால் என்ன?" என்கிறார் நண்பர். 2020இல் வந்த அந்த ஆய்வு, ஹெபடைடிஸ் பி, சி தொற்றுள்ளவர்களுக்குப் புற்று வருகிறதா என்றுதான் பார்த்தது. வந்துவிட்ட புற்றைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

கல்லீரல் சுருங்கியவர்களில் பலருக்கு உணவுக்குழாய் நாளங்கள் புடைத்திருக்கும், தட்டணுக்கள் குறைந்திருக்கும். ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்கியிருக்கும்போது நாளம் வெடித்தால் வாய்வழியே ரத்தம் கொட்டும். உதாரணமாக, ராமேஸ்வரத்தில் நள்ளிரவில் அப்படி நேர்ந்தால், பாம்பன் தாண்டி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கே 50 கிலோமீட்டருக்கு மேல். நண்பர் கணக்கில் இந்தத் தூரம் இல்லை.

கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையின் அடைப்புக்கும் ரத்தம் இளக்கும் மருந்து உதவும் என்றாரே? உறைந்த ரத்தமென்றால், எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு மருத்துவர்களே உறைவுத் தடுப்பு மருந்து தருவதுண்டு. ஆனால் கல்லீரல் புற்றில் பல நேரம் கட்டியே சிரைக்குள் வளர்ந்து அடைக்கிறது. அதை ஹெப்பாரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து கரைக்காது. எது எதுவென்று ஸ்கேன் பார்க்காமல் எப்படிச் சொன்னார்?