எக்ஸாஸ்ட் போதும், டிரைவருக்குச் செலவு பண்ணுங்க

ஃபார்முலா பாரத் போட்டிக்காக நம்ம டீம் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்வந்த கதை காலேஜ் முழுக்கத் தெரியும். வெளியில சொல்லாத பாகம் ஒண்ணு இருக்கு. அக்ஸலரேஷன் டெஸ்ட்னா 75 மீட்டர் நேர்கோடு. அதுல நம்ம கார் கௌரவமாத்தான் ஓடுச்சு. அடுத்து ஆட்டோகிராஸ்ல முதல் சுற்றுலயே மூணு கோனைத் தட்டிட்டு வந்துச்சு. ஒரு கோனுக்கு 2 விநாடி அபராதம், மொத்தம் ஆறு விநாடி. ஒரு வருஷமா ராத்திரி கண்ணு முழிச்சு எடையில குறைச்சது, எஞ்சின்ல ஏத்தினது எல்லாத்தையும் அந்த ஆறு விநாடி தின்னுடுச்சு. ஊருக்குத் திரும்பி வந்ததும் ரிப்போர்ட்ல "சஸ்பென்ஷன் செட்டப் சரியில்லை"ன்னு எழுதினோம். அது பொய். ஓட்டினது நான். பழியைச் சஸ்பென்ஷன் மேல போட்டதும் நான்தான்.

என்னை டிரைவரா எடுத்த காரணம் அதைவிட மோசம். காஞ்சிபுரத்துலேருந்து தினமும் ஹைவேல வர்றவன், நல்லா விரட்டுவான், தைரியசாலி. இன்டர்வியூ அவ்வளவுதான். வெல்டிங் பண்றவனுக்கு டெஸ்ட் வெச்சோம், சீட்டுல உட்கார்றவனுக்கு ஒண்ணும் வைக்கல.

அதனால நான் பாஸ்-அவுட் ஆகறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போறேன். அடுத்த வருஷ பட்ஜெட்ல புது எக்ஸாஸ்ட் வேண்டாம், ஈசியூ ட்யூனிங் வேண்டாம், கார்பன் ஃபைபர் மூக்கும் வேண்டாம். அந்தக் காசை எடுத்து ரெண்டு டிரைவருக்குக் கார்னர் எடுக்கக் கத்துக்கொடுங்க. போட்டியில அக்ஸலரேஷனைத் தவிர மத்த ஓட்டம் எல்லாமே, ஸ்கிட்பேட், ஆட்டோகிராஸ், எண்டூரன்ஸ், திரும்புறதுலதான் இருக்கு. நாம நேராப் போறதுக்கு மட்டும் காசு கட்டிட்டு இருக்கோம்.

நான் செஞ்ச தப்பைக் கணக்காவே சொல்றேன், நாமெல்லாம் இன்ஜினியர்தானே. டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் கெழு 1ன்னு வெச்சுக்கோங்க. 10 மீட்டர் ஆரம் உள்ள வளைவை மணிக்கு 36 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழதான் எடுக்க முடியும். நான் 40-ல உள்ள போறேன். நாலு கிலோமீட்டர்தானே கூடன்னு தோணும். ஆனா வேகத்தோட வர்க்கம் கணக்குல வருது, டயர்கிட்ட 23 சதவீதம் அதிகமா கேக்கறோம். டயர் தராது. ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்போம், முன் டயர் இன்னும் வழுக்கும், கார் நேராப் போய்க் கோன்ல நிக்கும். இதுக்குப் பேர் அண்டர்ஸ்டியர்னு மூணாவது வருஷத்துலயே எழுதிப் பாஸ் பண்ணிட்டேன். கார்ல உட்கார்ந்தப்போ அது ஞாபகத்துக்கே வரல.

ஆரத்தை 20 மீட்டர் ஆக்கினா அதே டயர் 50 வரைக்கும் தாங்கும். ரோட்டோட முழு அகலத்தையும் எடுத்துக்கிட்டு வெளியிலேருந்து உள்ளே வந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளியே போறது இதுக்குத்தான். ரேஸிங் லைன்ங்கறது ஸ்டைல் இல்ல. இருக்கற தார்ல பெரிய வட்டம் ஒண்ணை வரைஞ்சுக்கறது, அவ்வளவுதான். அந்த உள் ஓரப் புள்ளியை, அபெக்ஸை, கொஞ்சம் தாமதமாத் தொட்டா இன்னும் நல்லது. வளைவோட பின்பாதி நேராயிடும், ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கலாம்.

சீக்கிரம் மிதிச்சா என்ன கிடைக்கும்? ஒரு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாத்தேன். ரெண்டு கார், ரெண்டுமே விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வேகம் கூடுது, முன்னாடி 500 மீட்டர் நேர்சாலை. ஒண்ணு வளைவுலேருந்து 60-ல வெளியே வருது, இன்னொண்ணு 65-ல. கடைசியில வித்தியாசம் விநாடியில மூணுல ஒரு பங்கு. எஞ்சின்ல ஒரு ரூபா செலவு இல்லாம வந்த நேரம் இது. பிரேக்கைப் பத்து மீட்டர் தள்ளிப் பிடிச்சு வீரம் காட்டினா இவ்வளவு கிடைக்காது, பெரும்பாலும் கோன்தான் கிடைக்கும்.

தோத்துட்டு வந்த ரெண்டு வாரம் கழிச்சு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். எங்க வீட்டுலேருந்து நாப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். பிறந்ததுலேருந்து அந்த வழியா சென்னைக்குப் போறேன், ஹூண்டாய் ஃபேக்டரியைப் பாத்திருக்கேன், பக்கத்துல ரேஸ் டிராக் இருக்கறது காலேஜ் வந்தப்புறம்தான் தெரியும். சோழவரத்துல இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல ரேஸ் நடத்திட்டு இருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல இங்கே திறந்த டிராக் அது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இப்போ பேர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன எங்க மாவட்டத்துக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்க தெருவுல பாதிப் பேருக்கு இன்னிக்கும் தெரியாது.

அன்னிக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சு. ஒரு வளைவுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, வேடிக்கை பாக்கறதை விட்டுட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். நல்லா ஓட்டறவன் கார் ஒரே சத்தமா இருக்கும். பிரேக், சின்ன அமைதி, அப்புறம் எஞ்சின் சத்தம் ஒரே ஏத்தமா ஏறும், நடுவுல விடவே விடாது. புதுசா ஓட்டறவன் கார் சத்தம் "வ்ரூம்"னு ஏறி, நின்னு, மறுபடி ஏறி, மறுபடி நிக்கும். கேக்கறதுக்கு அவன்தான் ரொம்ப முயற்சி பண்ற மாதிரி இருக்கும். ஸ்டாப்வாட்ச்ல பின்தங்கறதும் அவன்தான். நம்ம கார் வீடியோவை மறுபடி போட்டுக் கேட்டேன். நான் அந்த ரெண்டாவது ஆள்.

அப்புறம் பெரியப்பா பையனோட நண்பர் ஒருத்தர் தயவுல, ஒரு டிராக் டேல அவர் காரோட, பக்கத்து சீட்டுல பயிற்சியாளரோட அரை மணி நேரம் ஓட்டக் கிடைச்சுது. ரெண்டாவது சுற்றுலயே அவர் சொன்னாரு, "தம்பி, பிரேக்கை எங்கே பிடிக்கறேன்னு எல்லாரும் பெருமை பேசுவாங்க. நீ எங்கே விடறேன்னு பாரு." நான் பிரேக்கை விடறது சுவிட்ச் அணைக்கற மாதிரி. டக்குனு விட்டதும் முன்னாடி அழுத்திட்டு இருந்த எடை பின்னாடி போயிடும், திரும்பவேண்டிய முன் டயர் லேசாயிடும். மெதுவா, ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அந்த அளவுக்குப் பிரேக்கைக் குறைச்சுக்கிட்டே வரணும். இதைத்தான் டிரெயில் பிரேக்கிங்னு சொல்றாங்க.

இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு. டயரோட மொத்தப் பிடிப்புல 70 சதவீதம் பிரேக்குக்குப் போயிட்டா திரும்பறதுக்கு 30தான் மிச்சம்னு நினைச்சிட்டு இருந்தேன். அப்படி இல்ல. ரெண்டும் செங்கோணத்துல இருக்கற விசை, வர்க்கத்தைத்தான் கூட்டணும். 70 பிரேக்குக்குப் போனாலும் திரும்ப 71 மிச்சம் இருக்கு. ஆனா 100 பிரேக்குல இருந்தா திரும்ப மிச்சம் பூஜ்யம். பித்தாகரஸ் கால்ல வந்து உட்கார்ந்த நாள் அது.

கண்ணும் அப்படித்தான். கோனைப் பாத்தேன், கோன்கிட்டயே போனேன். பயிற்சியாளர் என் ஹெல்மெட்டைப் பிடிச்சு வளைவோட வெளிவாசல் பக்கம் திருப்பினார். கை தானா அந்தப் பக்கம் போச்சு.

இதை வீட்டுல தாத்தாகிட்ட சொன்னேன். பிள்ளையார்பாளையத்துல அம்பது வருஷம் தறியில உட்கார்ந்தவர், கார் ஓட்டத் தெரியாது. "இதுல என்னடா புதுசு, மிதியை வெடுக்குனு மிதிச்சா இழை அறுந்துடும்"னாரு. அப்புறம் வைகாசித் தேரைச் சொன்னாரு. வரதர் தேர் ராஜ வீதி முனையில திரும்பறதை நானும் சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன். நான் பாத்தது வடம் பிடிக்கற கூட்டத்தை. தாத்தா பாக்கச் சொன்னது சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சிட்டு ஓடற முட்டுக்கட்டை போடறவங்களை. முனை வர்றதுக்கு முன்னாடியே வேகத்தை அடக்கிடுவாங்க. தேரை நிறுத்தி, கட்டையைச் சாய்ச்சுக் கொடுத்து, முகத்தை அடுத்த தெருவுக்கு நேராக் கொண்டுவந்துட்டு, அதுக்கப்புறம்தான் இழுக்கச் சொல்லிக் குரல் வரும். முகம் திரும்பறதுக்கு முன்னாடி ஆயிரம் பேரும் இழுத்தா தேர் கடைக்குள்ள போயிடும்னாரு. நான் ஆட்டோகிராஸ்ல பண்ணினது கிட்டத்தட்ட அதுதான்.

சரி, நம்ம பசங்களுக்குப் பிடிச்ச உதாரணத்துக்கு வர்றேன். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித்குமார் டீம் 991 பிரிவுல மூணாவதா வந்ததுலேருந்து ஹாஸ்டல்ல எல்லார் ஸ்டேட்டஸ்லயும் போர்ஷே 911. அந்தக் கார்ல எஞ்சின் எங்கே இருக்குன்னு பாத்தீங்களா? பின் அச்சுக்கும் பின்னாடி. அதனால வளைவுலேருந்து வெளியே வரும்போது பின் டயர் தரையைக் கவ்விக்கிட்டுத் தள்ளும். அதே காரை வளைவுக்குள்ள வேகமாக் கொண்டுபோய், பயந்துபோய் நடுவுல ஆக்ஸிலரேட்டரை விட்டா, எடை முன்னாடி போய், பின்பக்கம் லேசாகி, வால் சுத்திக்கிட்டு வரும். மெதுவா உள்ளே போ, வேகமா வெளியே வாங்கறதை அந்தக் கார் கெஞ்சிக் கேக்கல, மிரட்டிக் கேக்குது. சாதாரண ஹேட்ச்பேக் உங்க தப்பை மன்னிக்கும். ஸ்போர்ட்ஸ் கார் மன்னிக்கற வேகம் அதைவிட மேல, மன்னிக்காம விட்டா விழற இடமும் தூரம்.

"டிரைவிங் எல்லாம் பிறவியிலேயே வரணும் மச்சான், கத்துக்கொடுத்து வராது"ன்னு டீம்ல ஒருத்தன் சொன்னான். நரேன் கார்த்திகேயன் நம்ம கோயம்புத்தூர்க்காரர், 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர். அவரே 1992-ல பிரான்ஸ் வரைக்கும் போய் வின்ஃபீல்ட் ரேஸிங் ஸ்கூல்ல சேர்ந்து கத்துக்கிட்டவர். நமக்கு மட்டும் பிறவியில வருமாம்!

சிமுலேட்டர் போதுமான்னும் கேக்கறாங்க. லைனுக்கும் கண்ணுக்கும் நல்லது, நான் தினமும் ஓட்டறேன். ஆனா வால் நகர்றதை முதல்ல சொல்றது இடுப்பு. ஹாஸ்டல் நாற்காலி அதைச் சொல்லாது.

இன்னொண்ணு, இதைச் சொல்லாம விட்டா நான் அயோக்கியன். மேல சொன்ன எதையும் ஹைவேல பண்ணாதீங்க. வெளி-உள்-வெளி லைன்னா பாதி நேரம் எதிர் வண்டியோட பாதையில இருப்போம். டிராக்ல எதிர்ல யாரும் வரமாட்டாங்க, கொடி காட்ட ஆள் இருக்கு, ஆம்புலன்ஸ் எஞ்சினை ஆன்ல வெச்சு நிக்குது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல ராத்திரி ஷிப்ட் முடிச்சுத் தூக்கத்துல வர்ற பஸ் இருக்கு, கன்டெய்னர் லாரி இருக்கு, லைட் இல்லாத டிராக்டர் இருக்கு. என்னோட ஸ்கூல்ல படிச்ச ஒருத்தன் போன வருஷம் ராத்திரி அந்தப் பக்கத்து வளைவு ஒண்ணுல பைக்கோட போயிட்டான். அவனையும் 'செமயா ஓட்டுவான்'னுதான் எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

காசு இல்லைன்னு சொல்லாதீங்க, டிராக் டே முடியலைன்னா கோன் இருக்கு. ஸ்கிட்பேட் உள்வட்டம் 15.25 மீட்டர் விட்டம், பாதை அகலம் 3 மீட்டர், சுண்ணாம்புல போட்டுடலாம். உராய்வுக் கெழு 1-க்கு நடுப்பாதையில ஒரு சுற்று சுமார் 6 விநாடி வரணும். நம்ம கார் அதுக்கு மேல எடுத்தா குறை டயர்லயா ஆள்லயான்னு ரெண்டு டிரைவரை மாத்தி உட்கார வெச்சாலே தெரிஞ்சுடும். போன வருஷம் முழுக்க இந்த ஒரு டெஸ்ட்டை நாம பண்ணவே இல்ல.

வர்ற சனிக்கிழமை காலையில 6 மணிக்கு, வெயில் ஏறுறதுக்குள்ள, பின்பக்க கிரவுண்ட்ல வட்டம் போடறேன். ஹெச்.ஓ.டி. கிட்ட அனுமதி வாங்கியாச்சு. பதினாலு கோன் இருக்கு, அதுல மூணு நான் தட்டினது, நசுங்கியிருக்கும். டிரைவர் ஆகணும்னு நினைக்கற ஜூனியர்ஸ் யார் வேணா வரலாம், பொண்ணுங்களும் வாங்க, இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட நாங்க கூப்பிட்டதில்ல. ஷூ போட்டுட்டு வாங்க. செருப்போட வந்தா கார்ல ஏத்தமாட்டேன்.