புராஸ்டேட் புற்றுநோய் சிகிச்சை... ஆண்களுக்கு மார்பகம் வளர்வது ஏன், என்ன தீர்வு?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சில மாதங்களில், சில ஆண்களுக்கு மார்புக்காம்பைச் சுற்றி வலி தொடங்குகிறது. பனியன் உரசினாலே கூசுகிறது. பிறகு, காம்புக்கு அடியில் சின்னத் தட்டு போல ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. மெள்ள மெள்ள மார்பகம் வளர்கிறது.

60, 70 வயதில் இதை யாரிடம் சொல்வது? மனைவியிடமே சொல்லத் தயங்குபவர்கள், மகனிடமும் மகளிடமும் எப்படிச் சொல்வார்கள்? வீட்டில் வெற்று மேலோடு உட்காருவதை நிறுத்திவிடுகிறார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய கோயில்களைத் தவிர்க்கிறார்கள். டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது?

ஆண்களின் மார்பிலும் கொஞ்சம் மார்பகச் சுரப்பித் திசு உண்டு. டெஸ்டோஸ்டீரான் அதை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது, ஈஸ்ட்ரோஜென் வளரத் தூண்டுகிறது. இந்தச் சமநிலை குலையும்போது சுரப்பி வளரும். இதற்கு 'கைனகோமேஸ்டியா' என்று பெயர்.

புராஸ்டேட் புற்றுநோய் வளர்வதற்கு உரமே டெஸ்டோஸ்டீரான்தான். அதைத் தடுத்தால் நோய் சுருங்கும் என்று 1941-ல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று ஈஸ்ட்ரோஜென் வகை மருந்து தரப்பட்டதால் மார்பக வளர்ச்சி சகஜமாக இருந்தது. மருந்துகள் மாறிவிட்டாலும் இந்தப் பக்கவிளைவு முழுதாகப் போகவில்லை.

எல்லோருக்கும் வருமா?

வராது. எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. பைகாலுடமைடு போன்ற மாத்திரைகள் டெஸ்டோஸ்டீரான் சுரப்பதை நிறுத்துவதில்லை, அது வேலை செய்யும் இடத்தைத்தான் அடைக்கின்றன. ரத்தத்தில் மிஞ்சும் டெஸ்டோஸ்டீரானின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜெனாக மாறி, மார்பகத்தைத் தூண்டிவிடுகிறது. தினமும் 150 மில்லிகிராம் பைகாலுடமைடு மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 10-ல் 7 பேர் வரை மார்பக வளர்ச்சியோ வலியோ வந்ததாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன.

லியூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிகளிலும், விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சையிலும் டெஸ்டோஸ்டீரான் உற்பத்தியே குறைந்துவிடுவதால், இந்தப் பாதிப்பு ஒப்பீட்டளவில் குறைவு.

முன்கூட்டியே தடுக்கலாம்!

பலருக்கும் தெரியாத விஷயம் இது. மாத்திரையைத் தொடங்கும் முன்பே இரண்டு மார்பிலும் குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுத்தால், மார்பக வளர்ச்சிக்கான வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது. ஒன்று முதல் மூன்று தடவைகளில் முடிந்துவிடும். சிலருக்குத் தோல் கொஞ்சம் சிவக்கலாம்.

இன்னொரு வழி, டமாக்சிஃபென் மாத்திரை. பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் அதே மருந்து, இங்கே தடுப்பாகவும் ஆரம்பகட்ட சிகிச்சையாகவும் பயன்படுகிறது. ரத்தம் உறையும் பிரச்னை இருந்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டுக்குமே நேரம் முக்கியம். வளர்ந்த சுரப்பி சுமார் ஒரு வருடத்தைத் தாண்டினால் நார்த்திசுவாக இறுகிவிடும். அதன்பின் மாத்திரையால் பெரிய பலன் இருக்காது. 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று வாய்மூடி இருப்பதன் விலை இதுதான்.

அறுவை சிகிச்சை எப்படி நடக்கும்?

இறுகிப்போன மார்பகத்துக்கு அறுவை சிகிச்சைதான் தீர்வு. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறி, சுரப்பியை எடுத்துவிடுவார்கள். காம்பு உள்ளே குழிந்துவிடாமல் இருக்க அதற்கு அடியில் கொஞ்சம் திசுவை விட்டுவைப்பார்கள். கொழுப்பும் சேர்ந்திருந்தால் லைப்போசக்‌ஷன் மூலம் உறிஞ்சி எடுப்பார்கள். எடுத்த திசு பரிசோதனைக்கு அனுப்பப்படும்.

பிறகு சில வாரங்களுக்கு இறுக்கமான பிரத்யேக பனியன் அணிய வேண்டும், பளு தூக்கக் கூடாது. ரத்தக்கட்டு, நீர் கோப்பது, காம்பில் மரத்துப்போன உணர்வு, இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் போவது போன்றவை ஏற்படலாம். சர்க்கரை நோய், இதயநோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஹார்மோன் சிகிச்சை தொடர்ந்தால், மிச்சமிருக்கும் திசு மறுபடி கொஞ்சம் வளரக்கூடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

தோற்றத்துக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைகளை மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், மருத்துவ ரீதியாக அவசியம் என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று தருபவற்றுக்கும் விதிவிலக்கு இருப்பது வழக்கம். அதனால் இந்த வளர்ச்சி புற்றுநோய் சிகிச்சையால் வந்தது, வலி இருக்கிறது என்பதை டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, அறுவை சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இதை அலட்சியப்படுத்தாதீர்கள்!

மார்பகப் புற்றுநோய் நோயாளிகளில் சுமார் 1 சதவிகிதம் பேர் ஆண்கள். ஒரு பக்கம் மட்டும் கல் போன்ற கட்டி, காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர் வடிதல், காம்பு உள்ளிழுத்தல், அக்குளில் கட்டி... இவற்றில் எது இருந்தாலும் 'மாத்திரையால் வந்ததுதான்' என்று விட்டுவிடாமல் உடனே பரிசோதிக்க வேண்டும். இதயநோய்க்குத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளாலும் மார்பகம் வளரலாம் என்பதால், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஹார்மோன் சிகிச்சை தொடங்கப்போகிறார் என்றால், முதல் நாளே டாக்டரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். 'இந்த மருந்தால் மார்பகம் வளருமா? அதைத் தடுக்க இப்போதே ஏதாவது செய்யலாமா?' அவர் வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுவதை, கூடப்போகும் பிள்ளைகள் கேட்டுவிடலாம். மாத்திரையை மட்டும் யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.