சாதி விமானம் ஏறாதா?

ஒன்றிய அரசின் அயல்நாட்டு உதவித்தொகையில் பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்கலாம். ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி ஆய்வு செய்யக்கூடாது. 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த விதி. அதற்கான அறிஞர்களும் ஆவணங்களும் இங்கேயே இருக்கிறார்களாம், இருக்கின்றனவாம்!

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். படித்தது பொருளாதாரம். சாதியின் தோற்றம் பற்றி 1916 மே மாதம் கட்டுரை வாசித்ததோ கோல்டன்வைசரின் மானிடவியல் வகுப்பில். இன்று 'பல்துறை ஆய்வு' என்று பெருமை பேசுகிறார்களே, அதை அவர் அன்றே செய்தார். இந்த விதி அன்றிருந்தால் அந்தக் கட்டுரைக்குக் காசில்லை.

சரி, இந்தியாவைப் படிக்கவில்லை. அமெரிக்காவைப் படிக்கிறோம். வரலாறு, இலக்கியம், சட்டம், சினிமா எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அடிமைமுறையையும் தொல்குடிகளின் நிலப்பறிப்பையும் குடியேற்றத்தையும் ஆராய்கிற அமெரிக்கன் ஸ்டடீஸ் துறைக்கு நாம் போக வேண்டும். ஏனென்றால் சாதி அங்கேயும் இருக்கிறது, கோர்ட் கட்டுகளிலேயே இருக்கிறது.

1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது பகத் சிங் திண்ட் வழக்கு. குடியேறியவர் குடியுரிமை பெற அன்றைய சட்டத்தில் இரண்டு வாசல்தான்: வெள்ளையர், ஆப்பிரிக்க வம்சாவளியினர். திண்ட் தட்டியது வெள்ளையர் வாசலை. நான் உயர்சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன் என்றார். அமெரிக்கர் கறுப்பரோடு மணவுறவு கொள்ளாதது போலவே உயர்சாதியார் இந்தியப் பூர்வகுடிகளோடு கொள்வதில்லை என்பதும் அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்று இந்த வழக்கை வெள்ளை இனவெறிக்குப் பலியான ஒரு குடியேறியின் கதையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதுவும் உண்மைதான். அவர் கையில் ஏந்திப் போன சாதிச் சான்றிதழை யார் படிப்பது?

'தெற்காசியர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நம்மையும் நம்மை ஒதுக்கியவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். நடுவில் யார் யார் என்னென்ன வாதம் வைத்தார்கள்? முழு முனைவர் பட்டத்துக்கான பொருள் இது. இதை 'இந்தியத் தலைப்பு' என்று எந்தக் குழுவும் தள்ளட்டும், பார்ப்போம்.

தோழர்களே, எம்.ஏ.வுக்குப் போனால் பெரும்பாலும் கடன்தான். நேரே பிஎச்.டி.க்கு விண்ணப்பியுங்கள், பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளிவிட்டு மாதப் பணமும் தருகின்றன. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. விண்ணப்பக் கட்டண விலக்கு சில இடங்களில் உண்டு. கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள்.