பள்ளிக்குள் சாதி: குழந்தைக்குக் காவலாக ஒரு சட்டம் எங்கே?

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகிலுள்ள பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கச் சென்ற தலித் பள்ளிக் குழந்தைகளுக்குப் பொருள் தர மறுத்தார் கடைக்காரர். ஊர்க் கட்டுப்பாடு என்று காரணம் சொன்னார். அந்தக் காணொளி பரவிய பின்பே கைதுகள் நடந்தன. தொடர்புடைய ஐவர் 6 மாத காலம் ஊருக்குள் நுழையக் கூடாதென, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ் நெல்லை நீதிமன்றம் உத்தரவிட்டது. அரிதாகவே பயன்படுத்தப்படும் அந்தப் பிரிவு இங்கு உயிர் பெற்றதை நாம் வரவேற்றோம்.

ஆனால், கடை வாசலில் நிகழ்ந்ததற்குச் சட்டம் இருந்தது. அதே இழிவு வகுப்பறைக்குள் சக மாணவர் வாயிலாக நிகழ்ந்தால் என்ன செய்வது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரி இக்கேள்வியை இரத்தத்தால் எழுதியது. சக மாணவர்களின் சாதியத் துன்புறுத்தலால் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்த பிளஸ் டூ மாணவர், நடந்ததை ஆசிரியர்களிடம் சொன்னார். அதைத் தொடர்ந்து இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்களும் சிறுவர்களே. புகார் சொன்ன குழந்தையைக் காக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாத இடத்தில், புகாரே ஆபத்தாக மாறியது.

நடைமுறையிலுள்ள சட்டங்களைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்கிறது. அதாவது, அது ஆசிரியரை எண்ணி எழுதப்பட்டது. மேலும் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு மட்டுமே. பிளஸ் டூ மாணவர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரின் கொடுமையையே தண்டிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வலிமையானது என்றாலும் குற்றம் நடந்த பிறகே அது வருகிறது. குற்றம் செய்தவர் சிறுவர் எனில் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் செல்லும். அது சரியான வழியே. சிறுவர்களைச் சிறைக்கு அனுப்புவது நமது கோரிக்கை அன்று. வெட்டு விழும்வரை வாளாவிருந்த பள்ளி எவ்விதப் பொறுப்பும் ஏற்காமல் தப்புவதே நமது கேள்வி.

கல்லூரிகளின் நிலை வேறு. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தையானவராக அது கருதுகிறது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு, பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க அலுவலரை நியமிக்கக் கல்லூரிகளுக்கு விதி வகுத்தது. குற்றாலம் பராசக்தி கல்லூரி மாணவி ஒருவர் சுட்டிக்காட்ட ஒரு விதியாவது இருக்கிறது. சில மைல் தொலைவில் பள்ளியில் படிக்கும் அவருடைய தங்கைக்கு அதுவும் இல்லை.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதிக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம், அகர வரிசையில் இருக்கைகள் எனப் பலவற்றைப் பரிந்துரைத்தது. அனைத்துக்கும் மேலாக, பள்ளி முதல் சாதியப் பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டம் தேவை என்றது. கயிறுகளைத் தடுக்க 2019இல் பள்ளிக்கல்வித் துறை விடுத்த சுற்றறிக்கை, எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய அரசாலேயே கைவிடப்பட்டதை நாம் மறக்கவில்லை. சுற்றறிக்கையை ஓர் அமைச்சரின் ஒரு பேட்டி வீழ்த்திவிடும். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை அவ்வாறு வீழ்த்த இயலாது.

அறிக்கையிலும் ஓர் இடைவெளி உண்டு. 500க்கு மேல் மாணவர் பயிலும் பள்ளிகளுக்கே பள்ளி நல அலுவலரை அது பரிந்துரைக்கிறது. பாஞ்சாகுளம் போன்ற சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகள் இதில் விடுபடுகின்றன. ஊரின் சாதி ஒழுங்கு மிக நேரடியாக நுழைவது இத்தகைய பள்ளிகளில்தான். சிறு பள்ளிகளை ஒன்றியவாரியாக இணைத்து, அவற்றுக்குப் பொதுவான அலுவலரை நியமிக்கலாம்.

ஆகவே வரவேண்டிய சட்டம் மூன்றைக் கட்டாயமாக்க வேண்டும். முதலாவது, புகாரை எழுத்தில் பதிந்து, புகார் சொன்ன குழந்தையின் பெயரைக் காத்து, குறித்த நாளுக்குள் தீர்வு காண்பது. இரண்டாவது, செயற்படாத தலைமையாசிரியரையும் நிர்வாகத்தையும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் போலவே பொறுப்பாளியாக்குவது. மூன்றாவது, துன்புறுத்திய மாணவருக்குத் தண்டனைக்கு முன் ஆற்றுப்படுத்தலும் சமத்துவக் கல்வியும் தருவது.

படிக்கப் போன பிள்ளை உயிருக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு நிற்பது கல்வி உரிமையின் மறுப்பே. தென்காசி, நெல்லை மாவட்ட மாணவர் அமைப்புகள் தங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அந்தச் சட்ட முன்வரைவு எங்கே?